ஒன்று விழும் இடம்

பிப்ரவரி 26, வியாழன்

கடையில் இன்று ஒரு பெரிய தப்பு நடந்துபோயிற்று. செய்தவன் நான்தான்.

மதியம் ஒரு தம்பதி மெத்தை வாங்க வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வரிசையாக ஐந்து மெத்தைகளில் படுத்துப் பார்த்தார்கள். ஐந்தாவதில் அந்த மனிதர் தூங்கியே போனார். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து ஏதோ முணுமுணுத்தார். "என்னம்மா?" என்றேன். மறுபடியும் அதே முணுமுணுப்பு. மூன்றாம் தடவை கேட்க வெட்கமாக இருந்தது. எல்லாரும் சொல்வதுதானே, 'குறட்டையே விட ஆரம்பிச்சிட்டார் பாருங்க' என்றிருப்பார் என்று நினைத்து நன்றாகச் சிரித்துவைத்தேன். அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

அவர்கள் போன பிறகு முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். தூங்கிப்போன அந்த மனிதருக்குப் புற்றுநோயாம். மூன்று மாதமாகச் சரியான தூக்கமே இல்லையாம். கொஞ்ச நேரம் எழுப்பாமல் விடுங்கள் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். அதற்குத்தான் நான் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

என்ன ஜென்மம் நான்? ஆனால் அந்த அம்மாவும் வாயைத் திறந்து பேசினால்தான் என்ன? இப்போதெல்லாம் ஒருத்தராவது உதட்டைப் பிரித்துப் பேசுகிறார்களா? வாடிக்கையாளர், முதலாளி, வீட்டில் இவள், எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசி வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

டிவி சத்தத்துக்காக மறுபடி சண்டை. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். இவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, "உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்" என்றாள். கல்யாணமாகி இருபது வருஷம், ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள்.

மார்ச் 2, திங்கள்

மச்சினன் போன் செய்தான். இவள் தம்பி. ஏழு வருஷத்துக்கு அப்புறம், நேராக எனக்கே.

திரையில் பெயரைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. அவன் குழுவில் டிரம் வாசிக்கும் பையன் (எல்லாரும் குச்சி என்று கூப்பிடுவார்கள், ஆள் அப்படி இருப்பான்) மாடிப்படியில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டானாம். வருகிற ஞாயிறு ஒரு டயர் கம்பெனியின் ஆண்டு விழா. பன்னிரண்டு பாட்டு. கேட்ட இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்களாம்.

"வேற யாரும் கிடைக்கல மாமா" என்றான்.

பிறகு அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். "அதாவது, உங்களைத்தான் முதல்ல கேக்கணும்னு நெனச்சேன். தயக்கமா இருந்துச்சு" என்று மெழுகினான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். ஏழு வருஷமாக மனசுக்குள் எத்தனை வசனம் எழுதி வைத்திருந்தேன் இந்த ஒரு போனுக்காக! வாயிலிருந்து வந்தது என்னவோ, "எத்தனை மணிக்கு?"

மார்ச் 2, அதே நாள், சாயங்காலம்

இவளிடம் சொன்னேன். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "போறீங்களா?" என்றாள். "போறேன்" என்றேன். அவ்வளவுதான். ஆனால் ஒரே தட்டை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஏழு வருஷமும் பாவம் அவள்தான் நடுவில் மாட்டிக்கொண்டவள். தம்பி வீட்டுக்குத் தனியாகப் போவாள், தனியாக வருவாள். 'அவர் வரலியா' என்று அங்கே யாரும் கேட்பதில்லையாம். கேட்காததுதான் அவளுக்கு வலி.

என்ன நடந்தது என்று இதில் நான் எழுதியதே இல்லை. எழுதிவிடுகிறேன். ஒரு நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சினன் முன் சீட்டிலிருந்து திரும்பி, "மாமா, இனிமே கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றான். எல்லார் முன்னாலும். கீபோர்டு டீச்சர், பேஸ் கிதார் மௌனி, வண்டி ஓட்டுகிறவர், எல்லார் காதுபட. யாரைப் பார்த்து யார் சொல்வது? அவனுக்குக் கிதார் பிடிக்கத் தெரியாத வயதிலிருந்து மேடையில் இருப்பவன் நான். அவன் அக்கா புருஷன். அடக்கி வாசிக்கணுமாம். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா எனக்கு? உன் இடம் எதுவோ அங்கே இரு என்று அர்த்தம். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். மறுவாரமே டிரம் செட்டை விற்றுவிட்டேன்.

கையில் மிச்சம் இருப்பது ஒரு ஜோடி குச்சிகள். அலமாரிக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்தேன். ஒன்றின் முனை பிளந்திருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

பன்னிரண்டில் பதினொன்று பழைய பாட்டுகள். தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பேன். ஏழாவதுதான் புதிது, மச்சினன் சொந்தமாகப் போட்டது. டிரம் இல்லாத பதிவைப் போனுக்கு அனுப்பிவைத்தான். "கிளிக் சேத்து அனுப்பியிருக்கேன் மாமா, பழகிக்க வசதியா இருக்கும்" என்று ஒரு குறிப்பு வேறு. பின்னாலே ஓடுகிற அந்த டிக் டிக் சத்தம் இருந்தால்தான் புதுப் பாட்டில் கணக்குத் தவறாமல் இருக்கும்.

போட்டுக் கேட்டேன். கிளிக்காவது மண்ணாவது! எதுவும் இல்லை. தனியாகக் கிதார் ஆரம்பிக்கிறது, பேஸ் சேர்கிறது, பாடுகிறான். அவ்வளவுதான். வேறு எதையோ அனுப்பித் தொலைத்திருக்கிறான். அதே அலட்சியம். போன் செய்து கேட்கலாம். கேட்டால், மாமாவுக்குக் கிளிக் இல்லாமல் வாசிக்க வராது என்று நினைப்பான். தேவையில்லை. கிளிக்கைக் கேட்டா நான் வளர்ந்தேன்?

இயர்போனிலும் இடது பக்கம் சரியாக வேலை செய்யவில்லை. பழசு.

மார்ச் 4, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் குடோனில் பயிற்சி. டிரம்மை விற்றவனுக்கு மெத்தைதான் கதி. கெட்டியான நார் மெத்தையை ஸ்னேராக, அதாவது நடுவில் இருக்கும் டிரம்மாக, வைத்துக்கொண்டேன். மெதுவான ஃபோம் துண்டுகள் இரண்டு பக்கவாட்டில். கீழே காலுக்கு ஒரு தலையணை. சத்தமே வராது. முதலாளி எட்டிப் பார்த்து, "துணி கிழியாம அடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மெத்தை குச்சியைத் திருப்பித் தள்ளாது. ஒவ்வொரு அடிக்கும் நாமே தூக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. வலது கையில் கொப்புளம். நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கூத்து.

இருந்தாலும், சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

புது இயர்போன் வாங்கினேன். அதிலும் இடது பக்கம் மந்தம்! திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றான். என்னையே கேட்கச் சொன்னான். கேட்டேன். மந்தம்தான். வேறொன்றைப் பிரித்துத் தந்தான். அதுவும் அப்படியே. "மொத்தமா செத்த சரக்கை இறக்கி வச்சிருக்கியா?" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கோபப்படாமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சொன்னால், இவள் சிரிக்கிறாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

போகட்டும். ஏழாவது பாட்டு பிடிபட்டுவிட்டது. மற்றவர்களுக்குப் பாட்டு என்றால் பல்லவி, சரணம். எங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி ஒன்று. அந்த 'ஒன்று' எங்கே விழுகிறது என்று தெரிந்துவிட்டால் போதும், மீதியெல்லாம் தானாக வந்து உட்காரும். அதைத் தவறாகப் பிடித்துவிட்டால் சட்டையின் முதல் பொத்தானை மாற்றிப் போட்ட மாதிரி, கடைசி வரைக்கும் கோணல்தான். இந்தப் பாட்டில் கிதாரின் முதல் மீட்டே ஒன்று. அங்கேயிருந்து எண்ணினால், பாடும் வரிகள் கொஞ்சம் இடறுகிற மாதிரி விழுகின்றன. மச்சினன் ஏதோ புதுமை செய்திருக்கிறான் போல. நன்றாகத்தான் இருக்கிறது. அவனிடம் சொல்ல மாட்டேன்.

நாற்பது தடவை அடித்தாயிற்று.

மார்ச் 6, வெள்ளி

எல்லாம் போச்சு.

டீச்சர் வேலை பார்க்கும் பள்ளியின் பாட்டு அறையில் ஒத்திகை. டீச்சர் வாசலுக்கே வந்து, "வாங்கண்ணே, எவ்வளவு நாளாச்சு!" என்றார். மௌனி வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினான். மச்சினன் நரைத்திருக்கிறான். என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் குச்சியின் டிரம் செட்டைக் காட்டினான். ஆறு பாட்டு அருமையாகப் போயிற்று. அவ்வளவு அருமை! கை தன்னாலே ஓடியது. டீச்சர் நடுவில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஏழாவது. கிதார் ஆரம்பித்தது. நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன். இரண்டு சுற்றில் எல்லாம் சந்தைக்கடை ஆகிவிட்டது. நிறுத்தினார்கள். மறுபடியும். மறுபடியும் அதே. மூன்றாம் தடவையும்.

"மாமா, ஒண்ணை மாத்திப் பிடிக்கிறீங்க" என்றான் மச்சினன். ரொம்ப மெதுவாகச் சொன்னான். குழந்தைக்குச் சொல்வது போல.

"நானா? இருபத்தஞ்சு வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன்டா. எனக்கு நீ ஒண்ணு ரெண்டு சொல்லித்தர்றியா?"

"கிளிக்கோட பழகலியா மாமா?"

"எந்தக் கிளிக்? நீ அனுப்பினாத்தானே!"

"அனுப்பினேனே. அதுலயேதான் இருக்கு."

"யாருக்குடா காது குத்துற?"

டீச்சர், "நாங்ககூட தப்பா இருக்கலாம்ணே, இன்னொரு தடவை போயிரலாம்" என்று சமாதானம் செய்தார். அப்போது மௌனி வாயைத் திறந்தான். "தப்பு உங்களுதுதாண்ணே." அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஒருத்தரும் தடுக்கல. ஏன் தடுக்கணும்? பழக்கப்பட்ட கதைதானே. அவன் இருக்கான் பாரு, வேணும்னே தப்பான பதிவை அனுப்பி எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்த... இல்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அது எனக்கே தெரியும். பின்னே என்ன? மூணு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணுவாங்களா?

மார்ச் 7, சனி, காலை

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டுவிடுவேன்.

இவள் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், காலில் செருப்புகூட மாட்டியாயிற்று. தம்பி ராத்திரியே அவளிடம் பேசியிருப்பான் போலிருக்கிறது. "அந்தப் பாட்டைக் கொஞ்சம் குடுங்க, நான் கேக்கறேன்" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"குடுங்களேன்."

இயர்போனை மாட்டிக்கொண்டு நின்றாள். போட்டேன். உடனே, "இதோ, ஆரம்பத்துலயே எண்றானே. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அப்புறந்தானே கிதார் வருது" என்றாள்.

"விளையாடாதே."

"விளையாடலீங்க. டிக்கு டிக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கு. இந்தக் காதுல மட்டும்." இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

வாங்கி மாட்டினேன். கிதார். எண்ணிக்கை இல்லை, டிக் இல்லை. கழற்றினேன். அப்புறம் இடதை வலது காதிலும், வலதை இடது காதிலும் மாற்றி மாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கடைக்காரன் பார்த்த பார்வை வியாழக்கிழமையிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தது போலும்.

மச்சினன் குரல் பளிச்சென்று கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு." நான்காவது எண்ணிக்கையில் கிதாரின் முதல் மீட்டு. அதைத்தான் நான் ஒன்று என்று பிடித்திருக்கிறேன். அவர்கள் ஒன்று என்று இறங்கும் இடத்தில் நான் இரண்டை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாட்டு முழுவதும் டிக், டிக், டிக் என்று அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஐந்து நாளாக என் இடது காதுக்குள்தான் ஓடியிருக்கிறது.

இயர்போன் மூன்றும் நல்ல இயர்போன்தான்.

இவள் செருப்போடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். சங்கு ஊதுகிற அந்தப் பழமொழியை இனி இந்த வீட்டில் அவள் சொல்லப்போவதில்லை. அது எனக்கு என்னவோ போல் இருந்தது. "ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடறேன்னு திட்டுவியே, இனிமே முடியாது. விடறதுக்கு ஒரு காது குறையுது" என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மார்ச் 7, மதியம்

கடைக்குப் போகவில்லை. இவளும் போகவில்லை.

வேன் ஞாபகமாகவே இருக்கிறது. மாமா, கொஞ்சம் அடக்கி வாசிங்க. அவன் சொன்னது சத்தத்தை. வெறும் சத்தத்தை! எனக்குக் கேட்கவில்லை என்பதால் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறேன். பாடுகிறவன் தொண்டை கிழியப் பாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் சொல்லியிருக்கிறான். அதுவும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான். அதில் நான் எந்த அவமானத்தைக் கேட்டேன்? டிரம்மை விற்றேன், அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, இவளை ஏழு வருஷம் தனியாக அனுப்பினேன். எல்லாம் ஒரு காதுக்காக. சீ.

அந்த மெத்தைக் கடை அம்மாவும் வாய்க்குள் பேசியிருக்க மாட்டார்.

மார்ச் 7, சாயங்காலம்

மச்சினனுக்குச் செய்தி அனுப்பினேன். "தப்பு என் மேலதான். நாளைக்கு வர்றேன்." காரணம் எழுதவில்லை. "சரி மாமா" என்று பதில் வந்தது. வேறு வழியில்லை அவனுக்கு.

புதிதாகக் கற்பது சுலபம். தப்பாகக் கற்றதை அழிப்பது இருக்கிறதே, பெரும் பாடு. நாற்பது தடவை, ஐம்பது தடவை பழைய இடத்தில் அடித்துப் பழகியதைக் கை விட மாட்டேன் என்கிறது. கிதார் வந்ததும் உடம்பு ஒன்று என்று இறங்குகிறது. கடைசியில் இவள் எதிரே உட்கார்ந்துகொண்டு, 'ஒன்று' வரும் இடத்தில் மட்டும் என் முழங்காலில் தட்டினாள். அவளுக்குத் தாளம் ஒரு நாளும் நின்றதில்லை. இன்று ஒரு தட்டுகூடத் தவறவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சட்டை இஸ்திரி போட்டாயிற்று. குச்சிகள் மூன்று ஜோடி, புதுசு.

மார்ச் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கே மேடைக்குப் போய்விட்டோம். பாடுவது டிரம்மருக்குக் கேட்பதற்காகப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் வைப்பார்கள். ஒலிக்காரர் அதை வழக்கப்படி இடது பக்கம் வைத்திருந்தார். உட்கார்ந்து பார்த்தேன். எங்கேயோ பக்கத்துத் தெருவில் பாடுவது போல இருந்தது. சொல்லாமல் சமாளித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷம் இல்லை, ரொம்ப நேரம் யோசித்தேன். குச்சிகளைத் துடைத்தேன், நாற்காலியை ஏற்றினேன், இறக்கினேன்.

"தம்பி, இதை வலது பக்கம் மாத்திடுங்க."

"ஏன் சார்? எல்லாருக்கும் இங்கதானே வைப்போம்."

"எனக்கு இடது காது கேக்காது."

அப்படியே சொல்லிவிட்டேன். மேடையில் அப்போது வேறு சத்தமே இல்லை. ஒலிக்காரர் "ஓ, சரி சார்" என்று ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அவருக்கு அது ஒரு வயரை மாற்றுகிற வேலை, அவ்வளவுதான். டீச்சர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் மனசில் எது ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே வேன்தான்.

ஆறு பாட்டு போயிற்று. ஏழாவதுக்கு மச்சினன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கம் முழுவதுமாகத் திரும்பினான். வாயைப் பெரிதாகத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணால் பார்த்து எண்ணினேன். கிதார். விட்டேன். ஒன்று!

விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

அந்த நாலு நிமிஷத்தைப் பற்றி எழுத வரவில்லை. வரிகள் எதுவும் இடறவில்லை. புதுமை என்று நான் நினைத்ததெல்லாம் என் தப்பு. பாட்டு நேரான, எளிமையான பாட்டு. ரொம்ப நல்ல பாட்டு. இந்தத் தடவை அவனிடம் சொன்னேன்.

சாமான்களைக் கட்டும்போது மச்சினன் என் வலது பக்கமாக வந்து நின்றான். எந்தப் பக்கம் என்று யோசித்துத்தான் வந்திருப்பான். "குச்சி வெளிநாடு போறான் மாமா. தோள் சரியானாலும் திரும்பி வர மாட்டான். நீங்க நிரந்தரமா வந்துடுங்க" என்றான். பிறகு, "அன்னிக்கு நான் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்" என்றான்.

"தனியா சொல்லியிருந்தா மட்டும் எனக்குக் கேட்டிருக்குமா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் பார்க்காதது போல இருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இவள் தன் கடைக்குப் பக்கத்திலிருக்கும் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். விளக்கு அடித்துப் பார்த்தார். எத்தனை வருஷம் டிரம் அடித்தீர்கள், எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு இவளைப் பார்த்தேன். "பத்து வருஷமாவது இருக்கும் டாக்டர்" என்றாள்.

இடது காது நரம்பு போனது போனதுதான், வராது என்றார். "வலது காது நல்லா இருந்தா, காதுக்கு அடைப்பு மாட்டிக்கிட்டு அளவா வாசிக்கலாம். அதுவும் இறங்கியிருந்தா டிரம் பக்கமே போகக் கூடாது. இருக்கறதையாவது காப்பாத்தணும்." வியாழக்கிழமை பரிசோதனை.

ஆக, எல்லாம் வலது காதின் கையில்.

மார்ச் 11, புதன்

வலது காது நன்றாகத்தான் இருக்கிறது. இன்று பூராவும் சோதித்துப் பார்த்தேன். குழாய் சொட்டுவது கேட்கிறது. முதலாளியின் பேனா மூடி கேட்கிறது. பாஸ் ஆகிவிடுவேன்.

மார்ச் 12, வியாழன்

ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்ன அறை. சுவர் முழுவதும் ஃபோம் ஒட்டியிருக்கிறார்கள். தொழில் புத்தி, கிள்ளிப் பார்த்தேன். மட்டமான சரக்கு. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண், அவள் முன்னால் மெஷின். என் காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க சார். எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் பரவால்ல, கேட்டா அமுக்குங்க."

முதலில் இடது. ஏதோ இரண்டு தடவை அமுக்கினேன். எதிர்பார்த்ததுதான்.

பிறகு வலது. முதல் சத்தம் தெளிவாக வந்தது, விசில் மாதிரி. அமுக்கினேன். அடுத்தது கொஞ்சம் மெல்லிசு. அமுக்கினேன். இன்னும் மெல்லிசு. அமுக்கினேன். ஒன்றைக்கூட விடவில்லை. போகப்போக நூல் மாதிரி ஆகிவிட்டது சத்தம், ஆனாலும் எனக்குக் கேட்டது. ஒவ்வொன்றும் கேட்டது. உட்கார்ந்தபடியே மச்சினனிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அடுத்த நிகழ்ச்சி எப்போது, ஒத்திகை எத்தனை மணிக்கு.

கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள். ஹெட்போனைக் கழற்றினேன்.

"சார், கடைசியா வந்த சத்தமெல்லாம் கேட்டுச்சா?"

"எல்லாமே கேட்டுச்சும்மா."

அவள் தயங்கினாள். சின்னப் பெண். "நான் சத்தம் விடறதை நிறுத்தி ரொம்ப நேரமாச்சு சார். சந்தேகமா இருந்துச்சு, அதான் நிறுத்திப் பாத்தேன். நீங்க அமுக்கிட்டே இருந்தீங்க. அதே இடைவெளியில. கொஞ்சங்கூட மாறல."

"நான் ஏமாத்தலம்மா" என்றேன்.

"தெரியும் சார்."

சத்தியமாக ஏமாற்றவில்லை. எனக்குக் கேட்டது. நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தடவை, சரியாக, ஒன்று விழும் இடத்தில் கேட்டது.

"இடைவெளியை ஒரே மாதிரி விட்டது என் தப்பு சார். இந்தத் தடவை மாத்தி மாத்தி விடறேன். எண்ணாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எண்ணாமல் உட்கார முயன்றேன். கண்ணாடிக்கு வெளியே அவள் கை மெஷினில் ஏதோ செய்துகொண்டிருந்தது தெரிந்தது. பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மச்சினனுக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளப்பா என்றேன். காரணமும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அல்லது பேசினானோ என்னவோ. போனை வலது காதில்தான் வைத்திருந்தேன்.